அடிமைகள் வளர்த்த இசை

இக்காலத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் கைபேசியிலும் இடையறாது ஒலிக்கும் மேனாட்டு இசை பல வகைப்படும். ஒன்றை ஜாஸ் என்பர். ஒன்றைப் புளூஸ் என்பர். ராக் என்றும் சோல் என்றும் ராப் என்றும் பிறவும் உள. பெயர்கள் பலவாயினும் இவற்றின் ஆணிவேர் ஒன்றே. கல்லூரியில் இசை பயின்ற புலவரோ, மன்னரால் பேணப்பெற்ற கலைஞரோ அவ்வேரை ஊன்றினாரல்லர். எழுத்தறிவும் மறுக்கப்பட்டு, ஆடுமாடுகளைப் போல ஏலத்தில் விற்கப்பட்ட அடிமை மக்களே அதனை ஊன்றினர். அவ்வரலாறு அறியத்தக்கது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையினின்றும் மக்களைப் பிடித்துக் கப்பலேற்றி, அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால் கொண்டுபோய் விற்கும் கொடுந்தொழில் முந்நூற்றைம்பது ஆண்டுகட்கு மேல் நடைபெற்றது. அங்ஙனம் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என்று பழைய கப்பற் கணக்குகளை ஆராய்ந்தோர் மதிப்பிடுவர். அவருள் 18 இலட்சம் பேரளவினர் கரையைக் காணாமலே மாண்டனர். வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறியிருந்த வர்ஜீனியாவிற்கு 1619-ஆம் ஆண்டில் இருபது பேரளவினர் முதன்முதல் கொண்டுவரப்பட்டனர். 1860-ஆம் ஆண்டின் குடிக்கணக்கிலோ, ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களில் வாழ்ந்த அடிமைகளின் தொகை 40 இலட்சத்தை நெருங்கியிருந்தது. பருத்தி, புகையிலை, நெல், கரும்பு ஆகியவற்றின் விளைவெல்லாம் அவர்தம் உழைப்பினால் விளைந்தவையே.

கப்பலில் ஏற்றப்பட்டபோது அவர்கள் கையில் யாதொரு பொருளும் இல்லை. ஆயினும், பறித்தற்கு இயலாத செல்வம் ஒன்று அவர்தம் நெஞ்சிலும் செவியிலும் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்க இசையில் தாளமே தலைமை பெறுவது. ஒரு முழவு ஒரு தாளத்தைக் காட்ட, மற்றொன்று வேறொரு தாளத்தைத் தொடுக்க, இரண்டும் முரணாமல் பின்னிச் செல்லும். ஒருவர் முன்பாட்டுப் பாடுவார். சூழ இருப்போர் அனைவரும் பின்பாட்டுப் பாடி விடையிறுப்பர். பாடுவோர் வேறு, கேட்போர் வேறு என்னும் பிரிவு அங்கு இல்லை. சுரைக்குடுக்கையின் மீது தோலைப் போர்த்து நரம்பு கட்டி மீட்டும் கருவிகளும் அந்நாடுகளில் இருந்தன. அவற்றை நினைவிற் கொண்டு அடிமைகள் அமெரிக்க மண்ணிற் செய்துகொண்ட கருவியே பிற்காலத்தில் பாஞ்சோ எனப் பெயர் பெற்றது.

முழவின் ஓசை ஆண்டைகட்கு அச்சத்தை விளைத்தது. தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றின் அருகே 1739-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் முழவை முழக்கிச் சென்றபோது, அவ்வொலி கேட்டுப் பலர் வந்து சேர்ந்தனர். கிளர்ச்சி இரக்கமின்றி அடக்கப்பட்டது. மறு ஆண்டே ஒரு சட்டம் பிறந்தது. அடிமைகள் முழவும் கொம்பும் வைத்திருத்தல் கூடாது என்றும், அவர்கட்கு எழுதக் கற்பித்தல் குற்றம் என்றும் அச்சட்டம் விதித்தது. முழவையும் எழுத்தையும் ஒரே சட்டத்தால் தடுத்தமை கருதத்தக்கது. இரண்டுமே மனிதரை ஒன்றுகூட்டுவன என்பதைச் சட்டம் செய்தோர் நன்கு அறிந்திருந்தனர் போலும்!

முழவு போயிற்று, தாளம் போகவில்லை. கையைத் தட்டியும், தொடையில் அறைந்தும், மரத்தரையைக் காலால் மிதித்தும் அம்மக்கள் தாளத்தைக் காத்தனர். இரவில் வழிபாட்டிற்குக் கூடியபோது வட்டமாக நின்று, காலைத் தரையோடு தேய்த்து நகர்ந்து, மணிக்கணக்கில் பாடி ஆடினர். பகலில் பருத்தி எடுக்கும்போதும் மரம் வெட்டும்போதும் கோடரி விழும் நேரத்திற்கு இசையப் பாட்டு எழுந்தது. தனியே உழுதுகொண்டிருக்கும் ஒருவன் சொல்லில்லாத ஒரு நெடுங்குரலை எழுப்புவான். அடுத்த காட்டிலிருந்து மற்றொருவன் அதற்கு மறுகுரல் கொடுப்பான். நியூ ஆர்லியன்ஸ் நகரில் மட்டும், காங்கோ சதுக்கம் என வழங்கிய திடலில், ஞாயிற்றுக்கிழமைதோறும் முழவடித்து ஆட அவர்களுக்கு இடமிருந்தது. அதனாற் பின்னர் விளைந்ததை உரிய இடத்திற் காணலாம்.

கிறித்துவ சமயத்தைத் தழுவிய அடிமைகள், வேதாகமக் கதைகளைத் தம் கதையாகவே கொண்டனர். எகிப்து மன்னனிடம் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேல் மக்களை மோசே மீட்டுச் சென்ற கதை அவர்கள் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அதனைப் பாடியபோது எகிப்து என்பது எந்நாடு, மன்னன் என்பவன் யாவன் என்பதெல்லாம் அவர்கட்கு விளங்கும். காவல் காக்கும் கங்காணிக்கு விளங்காது. இங்ஙனம் பிறந்த பாடல்களை ஸ்பிரிச்சுவல் என்பர். பத்திப் பாடல் எனத் தமிழிற் கூறலாம். இவற்றை இயற்றியவர் பெயர்கள் தெரியா. ஏட்டில் எழுதப்படாமல், வாய்வழியாகவே ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்கு இவை சென்றன.

மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1838-ஆம் ஆண்டில் தப்பியோடி உரிமை பெற்றவர் பிரெடரிக் டக்ளஸ் என்னும் பெருந்தகை. அவர் 1845-ஆம் ஆண்டில் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அடிமைகள் பாடுவதைக் கேட்ட வடமாநிலத்தார் சிலர், இவர்கள் மகிழ்ச்சியோடு வாழ்கின்றனர் என்று கருதியதைக் கண்டு தாம் திகைத்ததாக அந்நூலில் அவர் கூறுகின்றார். துயரம் மிகும்போதே அடிமை மிகுதியாகப் பாடுகின்றான் என்பதும், அழுதால் நெஞ்சின் பாரம் குறைவதுபோலப் பாடினாலும் குறைகின்றது என்பதும் அவர் கருத்து. கானான் நாட்டிற்குச் செல்வோம் என்று தாமும் தோழரும் பாடியபோது, உள்ளத்தில் கருதியது விடுதலை நிலவிய வடமாநிலமே என்றும் பின்னொரு நூலில் அவர் எழுதியுள்ளார்.

இவ்விசையை வெள்ளையர் அறியாதிருந்தனர் என்று எண்ணுதல் வேண்டா. அறிந்தனர், ஆனால் எள்ளி நகையாடும் வகையில் அறிந்தனர். 1830-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து, வெள்ளை நடிகர் கரியை முகத்திற் பூசிக்கொண்டு, அடிமைகளைப் போலப் பேசியும் பாடியும் ஆடியும் பொருள் ஈட்டலாயினர். ஜிம் குரோ என்பது அத்தகைய நடிகர் ஒருவர் ஏற்ற கோமாளி வேடத்தின் பெயர். கறுப்பினத்தாரைப் பள்ளியிலும் வண்டியிலும் உணவகத்திலும் ஒதுக்கிவைத்த பிற்காலச் சட்டங்கட்கும் அக்கோமாளியின் பெயரே பெயராயிற்று. கறுப்பர் இசை என்றால் நகைப்பிற்குரியது என்னும் எண்ணம் நாடெங்கும் பரவியிருந்தது. அந்த எண்ணத்தைத் தகர்த்தவர்கள் ஒன்பது மாணவர்கள்.

உள்நாட்டுப் போர் 1865-ஆம் ஆண்டில் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது. மறு ஆண்டு சனவரித் திங்களில், டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த நாஷ்வில் நகரில், விடுதலை பெற்றோர்க்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. போர்ப்படையினர் விட்டுச்சென்ற மருத்துவமனைக் கொட்டகைகளே பள்ளிக் கட்டடம். ஏழு வயதுச் சிறுவரும் எழுபது வயது முதியவரும் ஒரே இடத்திலிருந்து எழுத்துக் கற்றனர். அந்நகரின் பழைய அடிமைச் சந்தையிற் கிடந்த விலங்குகளையும் துருப்பிடித்த இரும்புகளையும் திரட்டிப் பழைய இரும்பாக விற்று, அப்பணத்தில் எழுத்துப் புத்தகங்கள் வாங்கினர் என்பர். ஒரு காலத்தில் கையைப் பூட்டிய இரும்பு, பின்னர்க் கையில் ஏடாயிற்று. அப்பள்ளியே பிஸ்க் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது.

ஐந்தாண்டுகள் சென்றன. கொட்டகைகள் மழையிலும் காற்றிலும் சிதைந்தன. கடன் மிகுந்தது. பள்ளியை மூடிவிடுவதே வழி என்னும் நிலை வந்தது. அப்பொழுது பள்ளியின் பொருளாளராக இருந்தவர் ஜார்ஜ் ஒயிட் என்னும் வெள்ளையர். அவரே மாணவர்க்குப் பாட்டும் கற்பித்தார். பாடவல்ல மாணவரை அழைத்துக்கொண்டு வடமாநிலங்கட்குச் சென்று, இசையரங்கு நடத்திப் பொருள் திரட்டலாம் என்று அவர் எண்ணினார். பள்ளியின் மேலாளர் பலர்க்கு இது பொருத்தமாகத் தோன்றவில்லை. எனினும் அவர் துணிந்தார்.

அக்குழுவில் பியானோ வாசித்துப் பிறரைப் பயிற்றியவர் எல்லா ஷெப்பர்டு என்னும் நங்கை. 1851-ஆம் ஆண்டில் அடிமையாகப் பிறந்தவர். அவர் குழந்தையாக இருந்தபோது, தாயின் சொற்செயல்களை உளவறிந்து தன்னிடம் கூறுமாறு ஆண்டையின் மனைவி குழந்தையைப் பழக்கினாள். இதனை அறிந்த தாய், இத்தகைய வாழ்வினும் சாவே மேல் எனக் கருதி, குழந்தையுடன் ஆற்றில் விழச் சென்றாள். வழியில் ஒரு மூதாட்டி தடுத்து அறிவுரை கூறித் திருப்பி அனுப்பினாள். தம்மை விலைகொடுத்து மீட்டுக்கொண்டிருந்த தந்தை, 350 டாலர் கொடுத்து மகளையும் வாங்கினார். ஆனால் தாயை மீட்க இயலவில்லை. பின்னர்ச் சின்சினாட்டி நகரில் ஷெப்பர்டு பியானோ கற்க விரும்பினார். ஆசிரியர் ஒருவர் இசைந்தார். எனினும், பிறர் அறியாவண்ணம் இரவில் பின்வாயில் வழியே வருதல் வேண்டும் என்று விதித்தார். அங்ஙனமே சென்று அவர் கற்றார். 1868-ஆம் ஆண்டில் கையில் 6 டாலருடன் பிஸ்க் பள்ளியை அடைந்தார். குழுவில் மற்றொருவர் பெஞ்சமின் ஹோம்ஸ். அவர் கடைப் பலகைகளையும் கதவுகளில் எழுதிய பெயர்களையும் பார்த்துத் தாமே எழுத்தறிந்தவர். விற்பனைக்காகச் சிறைக் கொட்டடியில் அடைபட்டிருந்தபோது, அடிமைகளின் விடுதலை அறிக்கையைப் பிற அடிமைகட்குப் படித்துக் காட்டியவர் அவர்.

இவர்கள் தொடக்கத்தில் பத்திப் பாடல்களை அரங்கிற் பாடவில்லை, பாடவும் விரும்பவில்லை. ஆங்கிலக் கதைப் பாட்டுகளையும் ஐரோப்பிய இசையையுமே பாடினர். அடிமைப் பாட்டுகள் தம் தாய்தந்தையர்க்குப் புனிதமானவை. கடந்துபோன இருளை நினைவூட்டுபவை. அவற்றை அயலார் முன் பாடினால் கரிமுகக் கோமாளிகளைப் போலத் தம்மையும் கருதுவர் என அவர்கள் அஞ்சினர். ஒயிட்டின் அறையில் கதவை அடைத்து, திரையை இழுத்துவிட்டு, மெல்லிய குரலில் அவற்றை ஒருவர்க்கொருவர் பாடிக் காட்டியதாகப் பிற்காலத்தில் ஷெப்பர்டு எழுதியுள்ளார். அந்த நாணத்தை எளிதாகக் கருதுதல் ஆகாது. கல்வி கற்றுப் புதுவாழ்வு தொடங்கிய பிள்ளைகள், பெற்றோரின் பாட்டை மறைக்க விரும்பியது, அப்பாட்டின் குறையால் அன்று. உலகம் அதன்மேல் பூசியிருந்த கரியால்.

1871-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், ஒன்பது பாடகர் நாஷ்வில்லை விட்டுப் புறப்பட்டனர். மின்னி டேட் என்பவர்க்கு வயது பதினான்கு. ஒஹையோ மாநிலத்தில் ஊர் ஊராகச் சென்று பாடினர். கூட்டம் சிறிது, தட்டில் விழுந்த காசு அதனினும் சிறிது. கறுப்பினத்தார்க்கு இடமில்லை என்று விடுதிகள் கதவடைத்தன. குளிர்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்நிலையில், சிக்காகோ நகரம் பெருந்தீயால் அழிந்தது என்னும் செய்தி வந்தது. தாமே வழிச்செலவிற்கு வகையற்றிருந்த அம்மாணவர், ஓர் அரங்கில் கிடைத்த ஏறத்தாழ 50 டாலரை அப்படியே தீயால் துன்புற்றோர்க்கு அனுப்பினர்.

கொலம்பஸ் நகரில் தங்கியிருந்தபோது ஒயிட் தம் குழுவிற்கு ஜூபிலி பாடகர் எனப் பெயரிட்டார். ஐம்பது ஆண்டுகட்கு ஒருமுறை அடிமைகளையெல்லாம் விடுவிக்கும் யூபிலி ஆண்டைப் பற்றி வேதாகமம் கூறும். அதனினும் பொருத்தமான பெயர் வேறு இல்லை. நவம்பர்த் திங்களில் ஓபர்லின் என்னும் ஊரில் திருச்சபைப் பேராளர் மாநாடு நடந்தது. பேராளர்கள் தம்முள் பேசிக் கொண்டிருந்த இடைவேளையில், பாடகர் எழுந்து, கதவுக்குள் பழகிய பத்திப் பாடல் ஒன்றை மிக மெல்லத் தொடங்கினர். பேச்சொலி அடங்கிற்று. பாட்டு முடிந்தபோது பலர் கண்கள் கலங்கியிருந்தன. மறைத்து வைத்த பாட்டே மக்கள் கேட்க விரும்பிய பாட்டு என்பது அன்று தெளிவாயிற்று.

அதன்பின் வெற்றிமேல் வெற்றி. திசம்பரில் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் பாடினர். 1872-இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னிலையில் வெள்ளை மாளிகையிற் பாடினர். முதற் பயணத்தின் முடிவில் 20,000 டாலருடன் பள்ளிக்குத் திரும்பினர். 1873-இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியார் முன் பாடினர். பின்னும் பல நாடுகளிற் பாடி, 1878-இல் அக்குழு கலைவதற்குள் 1,50,000 டாலர் அளவில் பொருள் திரட்டினர். அப்பொருளால் எழுந்த ஜூபிலி மண்டபம் 1876-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பட்டது. கறுப்பினத்தாரின் கல்விக்கெனத் தென்மாநிலங்களில் எழுந்த முதல் நிலையான கட்டடம் அதுவே என்பர். இந்நாளிலும் அது நிற்கின்றது. ஷெப்பர்டு, போரின் பின் தம் தாயைத் தேடிக் கண்டு, அவரைத் தம்முடன் வைத்துப் பேணினார் என்பதையும் கூறாது விடுதல் தகாது.

பிஸ்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற டுபாய்ஸ் என்னும் பேரறிஞர், 1903-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலின் ஒவ்வோர் இயலின் தலைப்பிலும் இப்பாடல்களின் இசைக்குறிப்பைப் பொறித்தார். போகீமிய நாட்டு இசையறிஞர் துவோர்சாக் 1892-இல் நியூயார்க்கிற்கு ஒரு கல்லூரித் தலைவராக வந்தார். அங்கு மாணவராக இருந்த ஹாரி பர்லி, அடிமையாயிருந்த தம் பாட்டனாரிடம் கேட்ட பாடல்களை அவர்க்குப் பாடிக் காட்டினார். அமெரிக்காவின் வருங்கால இசை இப்பாடல்களின் மீதே எழுப்பப்படல் வேண்டும் என 1893-இல் துவோர்சாக் எழுதியபோது, பலர் சினந்தனர்.

நம் நாட்டிற்கும் இப்பாடல் வந்ததுண்டு. ஹோவர்டு தர்மன் என்னும் அறிஞரும் அவர் துணைவியாரும் 1935-36-இல் இலங்கை, இந்தியா, பர்மா ஆகிய நாடுகளிற் சுற்றுப்பயணம் செய்தனர். 1936-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பர்தோலியில் அவர்கள் காந்தியடிகளைக் கண்டனர். நெடுநேரம் பல கேள்விகளைக் கேட்ட அடிகள், இறுதியில் ஒரு பத்திப் பாடல் பாடுமாறு வேண்டினார். சூ பெய்லி தர்மன் அம்மையார் பாடினார்.

இனி, புளூஸ் என்பதன் தோற்றம் காண்போம். அடிமை முறை ஒழிந்தும் தென்மாநிலக் கறுப்பினத்தார்க்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய ஆண்டைகளின் நிலத்தையே வாரத்திற்கு உழுது, கணக்கு முடிவில் கடனாளியாகி நின்றனர். கூடி வாழ்ந்த கொட்டடி போய், தனித்தனிக் குடிசை வந்தது. அதற்கேற்பப் பாட்டும் தனிமனிதன் பாட்டாயிற்று. கையில் ஒரு கித்தார். வாயில் தன் வறுமையும் பிரிவும் வழிநடையும். முதலடியைப் பாடி, அதனையே மீண்டும் ஒருமுறை பாடி, மூன்றாமடியில் அதற்கு விடை கூறுதல் இப்பாட்டின் அமைப்பு. பழைய முன்பாட்டும் பின்பாட்டும் இங்கு ஒருவனிடமே வந்து சேர்ந்தன; அவன் பாட, அவன் கித்தாரே பின்பாட்டுப் பாடிற்று. இதன் சுரங்களும் தனித்தன்மை உடையவை. சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் குரல் வளைந்து நிற்கும். நிடாதத்திலும் இத்தகைய நெகிழ்ச்சி உண்டு. பியானோவின் கட்டைகளிடையே அகப்படாத அச்சுரங்களே கேட்போர் நெஞ்சை உருக்குவன.

டபிள்யூ. சி. ஹேண்டி என்பவர் அலபாமா மாநிலத்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் அரும்பாடுபட்டுக் காசு சேர்த்து ஒரு கித்தார் வாங்கி வந்தார். தந்தை சினந்து, அதனைத் திருப்பிக் கொடுத்து ஓர் அகராதி வாங்கிவரச் செய்தார்! பிற்காலத்தில் ஹேண்டி முறையாக இசை கற்று, வாத்தியக் குழு ஒன்றின் தலைவரானார். 1903-ஆம் ஆண்டளவில், மிசிசிப்பியில் டட்வைலர் என்னும் சிற்றூர்ப் புகைவண்டி நிலையத்தில், நேரங்கடந்த வண்டிக்குக் காத்திருந்து உறங்கிவிட்டார். விழித்தபோது, கந்தல் உடுத்த ஒருவன் அருகில் அமர்ந்து, கித்தார் நரம்பின்மீது ஒரு கத்தியை அழுத்தித் தேய்த்து, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக் கொண்டிருந்தான். அதுபோன்ற இசையை அவர் கேட்டதில்லை. ஆயினும் அதனை உடனே மதித்தாரல்லர். மற்றோர் ஊரில் தம் குழு ஓய்ந்திருந்தபோது, உள்ளூர்க் கலைஞர் மூவர் அத்தகைய இசையை வாசிக்க, மக்கள் வெள்ளிக் காசுகளை மழையாகப் பொழிந்ததைக் கண்ட பின்னரே அவர் கண் திறந்தது. இதனை அவரே தம் வரலாற்றில் ஒளியாது கூறுகின்றார். 1912-இல் மெம்பிஸ் புளூஸ், 1914-இல் செயின்ட் லூயிஸ் புளூஸ் ஆகியவற்றை எழுதி அச்சிட்டு நாடறியச் செய்தவர் அவரே. முன்னதன் உரிமையைச் சிறு தொகைக்கு விற்றுவிட்டு, வாங்கியவர் பெரும்பொருள் ஈட்டுவதைப் பார்த்திருந்தார். பின்னதைத் தாமே வெளியிட்டார்.

காங்கோ சதுக்கம் இருந்த நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் பிறந்தது. போர்ப்படையினரின் ஊதுகருவிகள் அங்கு மலிவாகக் கிடைத்தன. பிண ஊர்வலத்தில் இடுகாடு செல்லும்வரை துயரமாகவும், திரும்பும்போது எழுச்சியாகவும் வாசிக்கும் வழக்கம் அந்நகரில் உண்டு. புளூஸின் வளைந்த சுரமும், ஆப்பிரிக்கத் தாளப் பின்னலும் அக்கருவிகளிற் புகுந்தன. எழுதிய குறிப்பை வாசித்தலினும், மேடையிலேயே கற்பனை செய்து வாசித்தல் மேம்பட்டது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1901-ஆம் ஆண்டில் அந்நகரின் ஏழைத் தெருவிற் பிறந்தார். 1912-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள் இரவு, புத்தாண்டுக் களிப்பில் துப்பாக்கி ஒன்றை வானை நோக்கிச் சுட்டதற்காகப் பிடிக்கப்பட்டு, கறுப்பினச் சிறுவர்க்கான சீர்திருத்த இல்லத்தில் விடப்பட்டார். அங்கேதான் முறையாகக் கார்னெட் என்னும் ஊதுகருவி பயின்றார். 1922-இல் சிக்காகோவிற்குச் சென்ற அவர், தனி வாசிப்பு என்பதை ஜாஸ் இசையின் உயிராக்கினார்.

ஆயினும் ஜாஸ் என்னும் பெயரோடு 1917-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டு வெள்ளையர் குழுவினுடையது. 1920-இல் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பெண்மணி பாடிய புளூஸ் தட்டுப் பல்லாயிரக் கணக்கில் விற்ற பின்னரே, தட்டு வணிகர் அம்மக்கள் பக்கம் திரும்பினர். அவர்தம் தட்டுகளை இனத்தட்டு எனத் தனிப் பட்டியலில் இட்டனர். பாடியவர்க்கு ஒருமுறை கூலி கொடுத்தனர். விற்பனையிற் பங்கு கொடுத்தது அரிது. 1949-இல் பில்போர்டு என்னும் இதழ் அப்பட்டியலின் பெயரை ரிதம் அண்டு புளூஸ் என மாற்றியது. அதற்குள் இலட்சக்கணக்கான கறுப்பினத்தார் தெற்கை விட்டு வடக்கு நகரங்களிற் குடியேறியிருந்தனர். கித்தாருக்கும் மின்னிணைப்பு வந்திருந்தது. அந்த இசையினின்றே ராக் பிறந்தது.

ஆர்தர் கிரடப் 1946-இல் எழுதிப் பாடிய ஒரு பாட்டை, 1954-இல் எல்விஸ் பிரெஸ்லி என்னும் வெள்ளை இளைஞர் தம் முதல் தட்டிற் பாடிப் புகழ்பெற்றார். பிரெஸ்லி நன்றி மறந்தவர் அல்லர். தாம் பாடும் முறை கறுப்பினத்தார் நெடுங்காலமாகப் பாடி வந்ததே என்று 1956-இல் அவரே கூறினார். ஆயினும் கிரடப் தம் பாட்டிற்கு உரிய பங்கை முழுதும் பெறாமலே 1974-இல் மறைந்தார். கூலி வேலையே அவர்க்கு வாழ்வளித்தது. இங்கிலாந்தில் 1962-இல் தோன்றிய ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் பெயரையே மடி வாட்டர்ஸ் என்னும் கறுப்பினப் பாடகரின் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டனர். 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், கூல் ஹெர்க் என்னும் இளைஞர் தம் உடன்பிறந்தாள் ஏற்பாடு செய்த விருந்தில், இசைத்தட்டின் தாளப் பகுதியை மட்டும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார். ராப் இசையின் பிறந்தநாளாக அதனைப் பலரும் கொள்கின்றனர். அங்கும் தாளமே தலைமை பெற்றது.

1977-ஆம் ஆண்டில் அமெரிக்கர் வாயேஜர் எனப் பெயரிய இரு விண்கலங்களை ஏவினர். என்றேனும் எவரேனும் காண்பராயின் மண்ணுலகை அறியட்டும் என்று, பல நாட்டு இசையிலிருந்து தேர்ந்த 27 பகுதிகளைப் பொன்முலாம் பூசிய ஒரு தட்டிற் பதித்து அவற்றில் வைத்தனர். அவ்விருபத்தேழனுள் ஆம்ஸ்ட்ராங்கின் வாசிப்பு ஒன்று. சக் பெர்ரி என்பாரின் ராக் பாட்டு ஒன்று. மற்றொன்று, டெக்சாஸ் மாநிலத்துத் தெருக்களிற் பாடிப் பிழைத்த வில்லி ஜான்சன் என்னும் பார்வையற்றவர் 1927-இல் பதிவு செய்தது. அவர் 1945-இல் வறுமையில் இறந்தார். அப்பாட்டிற் சொற்கள் இல்லை. நரம்பின் தேய்வொலியும், அதனோடு இழையும் ஒரு மனிதக் குரலின் முனகலுமே உள்ளன. அதனைத் தாங்கிய முதல் வாயேஜர், 2012-ஆம் ஆண்டில் கதிரவனின் காற்று வீசும் எல்லையைக் கடந்து, விண்மீன்களிடைப்பட்ட வெளியிற் புகுந்தது.